இரண்டரை வயதுப் பிள்ளைக்கு டேப்லெட்: வீட்டில் எல்லோரும் கொடுக்கச் சொல்கிறார்கள், எப்போது தொடங்கலாம்?

நிலாமகள்

எங்கள் மகனுக்கு இரண்டரை வயது. டேப்லெட்டோ போனோ இதுவரை அவன் கையில் கொடுத்ததில்லை. வெளியூரில் இருக்கும் என் அம்மாவோடு வீடியோ காலில் பேசுவான், அது மட்டும் உண்டு. மூன்று வயதாவது ஆகட்டும் என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம்.

போன வாரம் கணவரின் அண்ணன் புது டேப்லெட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய மகளுக்கு மூன்று வயது. எழுத்துகளை வரிசையாகச் சொல்கிறாள், நிறம் சொல்கிறாள், வடிவம் சொல்கிறாள். "எல்லாம் டேப்லெட்ல கத்துக்கிட்டதுதான். இவனுக்கும் இப்பவே பழக்குங்க, இல்லன்னா ஸ்கூல்ல பின்தங்கிடுவான்" என்றார். மாமியார் மனதில் அது ஆழமாகப் பதிந்துவிட்டது. மாமனார் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. "நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று மட்டும் சொன்னார்.

நான் வேலைக்குப் போகிறேன். பகல் முழுக்க மகனைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். அவர்கள் இல்லாமல் எங்களால் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. அதனால் "கொடுக்கக் கூடாது" என்று உத்தரவு போடும் இடத்தில் நான் இல்லை, போட விருப்பமும் இல்லை.

நீங்கள் எந்த வயதில் தொடங்கினீர்கள்? இப்போது கொடுக்காததால் பிள்ளை உண்மையிலேயே எதையாவது இழக்கிறானா? பெரியவர்கள் மனம் நோகாமல் இதை எப்படிப் பேசுவது?

வானவில்_அப்பா

எதையும் இழக்கவில்லை. தொடுதிரையைப் பழகப் பிள்ளைகளுக்கு ஒரு பொழுது போதும். ஐபேட் என்ற ஒன்று வந்ததே 2010இல்தான். இன்று அதில் வேலை பார்க்கிற பெரியவர்களில் பெரும்பாலானோர் இரண்டு வயதில் அதைத் தொட்டவர்கள் இல்லை. பின்தங்கிவிடுவான் என்ற பயத்தை மட்டும் முதலில் தூக்கிப் போடுங்கள்.

எங்கள் மகளுக்கு நான்கு வயது முடிந்த பிறகு கொடுத்தோம். அன்றே எல்லாம் கற்றுக்கொண்டாள்.

செவ்வந்தி

எனக்கு வேறு கருத்து. என் மூத்தவனுக்கு இரண்டு வயதிலேயே கொடுத்தேன். அப்போது இளையவள் கைக்குழந்தை. வீட்டில் உதவிக்கு யாரும் இல்லை. அவளைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கும் வரை இவன் ரைம்ஸ் பார்ப்பான். இப்போது அவனுக்கு எட்டு வயது. நன்றாகப் பேசுகிறான், படிக்கிறான், வெளியே ஓடி விளையாடுகிறான்.

இந்த மாதிரிப் பேச்சு வரும்போதெல்லாம் கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அம்மாதான். நிலாமகளுக்கு மாமனார் மாமியார் இருக்கிறார்கள். இல்லாதவர்கள் என்ன செய்வது? தயவுசெய்து இதை நல்ல அம்மா, கெட்ட அம்மா என்ற பரீட்சையாக ஆக்காதீர்கள். பிள்ளை பத்திரமாக ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரம்தான் என்னைப் பல நாள் காப்பாற்றியது.

தென்றல்_பேச்சுப்பயிற்சி

நான் பேச்சு மொழிப் பயிற்சியாளர். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடுதான் பெரும்பாலும் வேலை. செவ்வந்தி சொன்னதை முழுமையாக மதிக்கிறேன். அரை மணி நேர ரைம்ஸ் ஒரு பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று நான் எந்தப் பெற்றோரிடமும் சொன்னதில்லை.

வயது பற்றி: உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயது முடியும் வரை திரையே வேண்டாம் என்கிறது. ஒரு வயதுப் பிள்ளைக்கும் பரிந்துரைக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே: ஒன்றரை வயது வரை வீடியோ கால் தவிர எதுவும் வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு மணி நேரம், தரமானதாக, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து. சுவீடனின் பொதுச் சுகாதாரத் துறையும் 2024இல் இரண்டு வயது வரை திரை வேண்டாம் என்று சொன்னது. ஆக நிலாமகளின் மகன் இப்போது இருப்பது "கொடுத்தால் குற்றமில்லை, கொடுக்காவிட்டால் நஷ்டமில்லை" என்ற வயதில்.

இனி, அண்ணன் மகள் எழுத்து சொல்வது பற்றி. பார்த்ததை ஒப்பிப்பது வேறு, மொழி கற்பது வேறு. 2003இல் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தைகள். ஒரு பகுதியினரோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் வாசித்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். பன்னிரண்டு அமர்வுகள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். வீடியோ பார்த்தவர்களுக்கு எதுவும் ஏறவில்லை.

இரண்டரை, மூன்று வயது வரை இந்த இடைவெளி இருக்கிறது. திரையில் பார்ப்பதை நிஜ உலகோடு பொருத்திப் பார்க்க அவர்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "அதோ அந்த மாதிரி நாய்தானே நேத்து பார்த்தோம்" என்று பேசினால் அந்த இடைவெளி குறைகிறது. வீடியோ கால் ஏன் விதிவிலக்கு என்பதற்கும் இதுதான் காரணம். பாட்டி அவன் சொன்னதற்குப் பதில் சொல்கிறார், அவன் சிரித்தால் சிரிக்கிறார். 2014இல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் நேரடி வீடியோ அழைப்பில் புதிய சொற்களைக் கற்றார்கள், பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை.

அதனால் எந்த வயது என்று கேட்கும்போது, யாரோடு என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

ஆலமரம்

நான் தாத்தா பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். பேத்தியை நானும் மனைவியும்தான் பகலில் பார்த்துக்கொள்கிறோம்.

இளையவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டரை வயதுப் பிள்ளை ஒரு நொடி நிற்காது. எங்களுக்கு முட்டி வலிக்கிறது. மதியம் கண் சொக்குகிறது. பிள்ளை சாப்பிடவில்லை என்றால் மாலையில் மகள் வந்து "என்னப்பா சாப்பிட்டாளா" என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டும். டேப்லெட்டை வைத்தால் வாயைத் திறக்கிறாள். அலட்சியத்தால் அல்ல, பயத்தால் நாங்கள் அதை எடுத்தோம்.

மகள் ஒரு நாளும் "ஏன் கொடுத்தீங்க" என்று கேட்கவில்லை. "எந்த நேரம்ப்பா ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மதியச் சாப்பாடும், மாலை ஐந்து மணிக்கு மேலும்தான் கஷ்டம் என்று சொன்னோம். மாலையில் மருமகன் சீக்கிரம் வரும் நாட்களை வாரத்தில் இரண்டாக ஆக்கிக்கொண்டார். மதியம், "அவ சாப்பிடலைன்னா விட்டுடுங்க, நான் எதுவும் கேட்க மாட்டேன்" என்று மகள் வாக்குக் கொடுத்தாள். அதைச் சொன்ன மாதிரியே காப்பாற்றவும் செய்தாள். எங்களுக்குப் பெரிய சுமை இறங்கியது அந்த வாக்கினால்தான்.

நிலாமகளே, உங்கள் மாமியாரிடம் டேப்லெட் பற்றிப் பேசும் முன்னால் அவருடைய பகல் பொழுது எப்படிப் போகிறது என்று கேளுங்கள்.

நிலாமகள்

ஐயா, உங்கள் பதிலை நானும் கணவரும் சேர்ந்து வாசித்தோம். நாங்கள் இந்தக் கோணத்தில் பேசியதே இல்லை. எங்கள் வீட்டிலும் மதியச் சாப்பாடுதான் போராட்டம் என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

தென்றல், ஒரு சந்தேகம். இப்போதே நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கும் இது பொருந்துமா? அவன் வாய் ஓயாமல் பேசுகிறான்.

தென்றல்_பேச்சுப்பயிற்சி

பொருந்தும், ஆனால் பயப்பட எதுவும் இல்லை. பேசுகிற பிள்ளைக்குத் தேவை எதிரில் பேச ஆள். ஆஸ்திரேலியாவில் சிறு ஒலிப்பதிவுக் கருவியைப் பிள்ளைகளின் சட்டையில் பொருத்தி, வீட்டில் நாள் முழுக்க நடக்கும் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள். 2024இல் முடிவு வெளியானது. மூன்று வயதில், திரை ஓடும் ஒவ்வொரு கூடுதல் நிமிடத்துக்கும் பெரியவர்கள் பிள்ளையிடம் பேசும் சொற்கள் சராசரியாக ஆறுக்கு மேல் குறைந்தன, பிள்ளை எழுப்பும் ஒலிகள் ஏறக்குறைய ஐந்து குறைந்தன. திரை பிள்ளையின் வாயை மட்டுமல்ல, நம் வாயையும் மூடிவிடுகிறது.

செவ்வந்தி

தென்றல், ஒரு நியாயமான கேள்வி. இந்த ஆய்வுகளில் பாதி, திரையும் பேச்சுக் குறைவும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதானே சொல்கின்றன? திரைதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? களைத்துப்போன வீட்டில் திரையும் அதிகமாக இருக்கும், பேச்சும் குறைவாக இருக்கும். பழியை மட்டும் திரை மேல் போட முடியுமா?

தென்றல்_பேச்சுப்பயிற்சி

சரியான கேள்வி. பெரும்பாலானவை அப்படித்தான், சேர்ந்து இருப்பதைத்தான் காட்டுகின்றன. பிரிட்டனில் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான ராயல் கல்லூரி 2019இல் இதே காரணத்தைச் சொல்லித்தான் மணி நேரக் கணக்கு எதையும் பரிந்துரைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் குடும்பங்கள் தங்களையே கேட்டுக்கொள்ளச் சில கேள்விகளைக் கொடுத்தார்கள். திரை நேரம் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, குடும்பம் செய்ய விரும்பும் மற்ற காரியங்களைக் கெடுக்கிறதா, தூக்கத்தைக் கெடுக்கிறதா, திரை பார்க்கும்போது நொறுக்குத் தீனி கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று. எனக்கு மிகவும் பிடித்த அணுகுமுறை இது. இதில் யாரும் குற்றவாளி இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். அழுகையை நிறுத்த டேப்லெட் கொடுப்பது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்த ஒரு மிச்சிகன் ஆய்வில், சமாதானப்படுத்த அடிக்கடி கருவி கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம், குறிப்பாக ஆண் பிள்ளைகளிடமும் ஏற்கெனவே துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகளிடமும், சட்டென்று கொந்தளிக்கும் குணம் பின்னர் கூடியிருந்தது. அழுகையிலிருந்து தானாக மீண்டு வருவது ஒரு திறமை. ஐந்து வயதுக்குள் அதற்கு நிறையப் பயிற்சி வேண்டும். எப்போதாவது ஊசி போடும்போது காட்டினால் ஒன்றும் ஆகாது. தினமும் என்றால் யோசிக்க வேண்டும்.

கீற்று

இந்த இழையில் ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும்.

என் மகனுக்கு ஆட்டிசம். நான்கு வயது. அவன் பேசுவது டேப்லெட் வழியாகத்தான். படத்தைத் தொட்டால் அது சொல்லும். "தண்ணீர்", "போதும்", "அம்மா வா". அவன் முதன்முதலாக "போதும்" என்று தொட்ட அன்றுதான், அவன் அத்தனை நாள் எதற்காகத் தலையை முட்டிக்கொண்டான் என்று எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் குடும்பத்தில் அழுத்தம் தலைகீழாக இருந்தது. "டேப்லெட் கொடுத்துத்தான் பிள்ளை பேசாமப் போயிட்டான்" என்றார்கள். திரை பார்த்ததால் ஆட்டிசம் வந்துவிடவில்லை. இந்த மாதிரிப் பேச்சு உதவிக் கருவிகள் பிள்ளையின் வாய்ப்பேச்சைத் தடுப்பதில்லை என்றும், பல பிள்ளைகளுக்கு அது பேச்சைக் கூட்டவே செய்கிறது என்றும் பயிற்சியாளர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். பொது இடத்தில் அவன் கையில் டேப்லெட்டைப் பார்த்துவிட்டு அறிவுரை சொல்ல வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவன் வாயைப் பிடுங்கச் சொல்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"டேப்லெட் கூடாது" என்று எழுதும்போது எங்களையும் நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

தென்றல்_பேச்சுப்பயிற்சி

நூறு சதவீதம் சரி, கீற்று. பேச்சுக் கருவியாக இருக்கும் டேப்லெட்டுக்குத் திரை நேரக் கணக்கே கிடையாது. முடிந்தால் அதில் வீடியோ, விளையாட்டு எதுவும் இல்லாமல் பேச்சுக்கு மட்டும் என்று தனியாக வைத்திருங்கள். அழுதாலும் கோபித்தாலும் தண்டனையாக அதைப் பிடுங்கி வைக்கக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

கார்முகில்

கொடுப்பது என்று முடிவானால் எப்படி அமைப்பது என்று சொல்கிறேன், என் வேலையே அதுதான்.

யூடியூபைத் திறந்து அப்படியே கையில் கொடுக்காதீர்கள். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் ஆட்டோபிளேதான் பெரிய வில்லன். அதை அணைத்துவிடுங்கள். யூடியூப் கிட்ஸ் என்றால், தேடும் வசதியை நிறுத்திவிட்டு, நீங்கள் அனுமதித்த வீடியோக்கள் மட்டும் தெரியும்படி வைக்க அதிலேயே வழி இருக்கிறது. என் யோசனை இன்னும் எளிது: நாலைந்து நல்ல வீடியோக்களைத் தரவிறக்கி வைத்துவிட்டு வைஃபையை அணையுங்கள். பிள்ளைகளுக்குப் பார்த்ததையே திரும்பப் பார்ப்பதில் எந்த வருத்தமும் இல்லை. ஐபேடில் கைடட் ஆக்சஸ் போட்டால் ஒரே ஆப்பில் நிற்கும், நேரமும் குறிக்கலாம். ஆண்ட்ராய்டில், நேரத்தையும் ஆப்களையும் பெற்றோர் கட்டுப்படுத்தும் ஃபேமிலி லிங்க் என்ற ஆப் இருக்கிறது.

நிறுத்துவதுதான் எல்லா வீட்டிலும் சண்டை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2016இல் இதை மட்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகள். "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டியே எச்சரித்தால் பிள்ளை எளிதாக விடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். முடிவு எதிர்மாறாக வந்தது. எச்சரித்தபோது அடம் கூடியது. வீடியோ தானாகவே முடிந்துபோகும் இடத்தில் நிறுத்தினாலோ, தினமும் ஒரே வேளையில் நிறுத்துவது வழக்கமாக இருந்தாலோ பிள்ளைகள் எளிதாக விட்டார்கள். அம்மா பிடுங்கினால் அம்மாவோடு சண்டை. வீடியோ தீர்ந்துபோனால் யாரோடு சண்டை போடுவது? நான் அன்று முதல் நிமிடக் கணக்கை விட்டுவிட்டு "ரெண்டு கதை" என்று எண்ணிக்கைக் கணக்குக்கு மாறினேன். எங்கள் வீட்டில் அழுகை வெகுவாகக் குறைந்தது.

வானவில்_அப்பா

கண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கிட்டப்பார்வைக்கு வெளியில், பகல் வெளிச்சத்தில் விளையாடுவது பாதுகாப்பு. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் நாற்பது நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட்டு வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம், மற்றவர்களில் சுமார் 40 சதவீதம். டேப்லெட் வெளி விளையாட்டு நேரத்தைத் தின்னாமல் பார்த்துக்கொண்டால் போதும். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்னால் நிறுத்துவதும் நல்லது.

மல்லிகைச்சரம்

நிலாமகள், குடும்பப் பேச்சைப் பற்றி ஒரே ஒரு விஷயம். உங்கள் மாமியார், மாமனார், மைத்துனர் மூவரிடமும் பேச வேண்டியது உங்கள் கணவர். நீங்கள் பேசினால் அது "மருமகள் சொன்னது" ஆகிவிடும், டேப்லெட் பின்னால் போய் மரியாதைப் பிரச்சினை முன்னால் வந்து நிற்கும். அவர் பேசினால் மகன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். என் அம்மா வீட்டுப் பக்கம் நான் பேசுவேன், அவர் வீட்டுப் பக்கம் அவர் பேசுவார் என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம்.

அப்புறம், பரிசைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அண்ணன் ஆசையோடுதான் வாங்கி வந்திருக்கிறார்.

ஆலமரம்

மல்லிகைச்சரம் சொன்னது உண்மை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்றவர்கள் ஆய்வு முடிவுகளைக் கேட்டு மாறுவது அரிது. குழந்தை மருத்துவர் நேரில் சொன்னால் கேட்போம். அடுத்த முறை தடுப்பூசிக்கோ பரிசோதனைக்கோ போகும்போது பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டியே மருத்துவரிடம் கேட்கட்டும்.

நிலாமகள்

எல்லோருக்கும் நன்றி. வார இறுதியில் பேசினோம். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன்.

கணவர்தான் பேச்சைத் தொடங்கினார். பகலில் எது கஷ்டம் என்று கேட்டதும் அத்தை நீண்ட நேரம் பேசினார். நான் நினைத்த மாதிரி சாப்பாடு அவ்வளவு பெரிய போராட்டம் இல்லையாம். மதியம் அவன் தூங்காத நாட்களில் அவருக்கு ஒரு நிமிடம்கூட முதுகு சாய்க்க முடியவில்லை என்பதுதான் அவருடைய கஷ்டம். எனக்கு இது தெரியவே தெரியாது. வாரத்தில் மூன்று நாள் அரை நாளுக்கு விளையாட்டுப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மூன்று வயது வரை டேப்லெட் என்பது வீடியோ காலுக்கும் போட்டோ பார்ப்பதற்கும் மட்டும். மூன்றுக்குப் பிறகு கார்முகில் சொன்ன மாதிரி, தரவிறக்கிய இரண்டு கதை, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து. சாப்பாட்டு நேரத்திலும் படுக்கையிலும் கிடையாது. மாமா இதற்கு ஒப்புக்கொண்டார். "சரி, உங்க இஷ்டம்" என்று அத்தையும் சொன்னார், ஆனால் முழு மனதோடு அல்ல. மைத்துனருக்கு வருத்தம்தான். அவர் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில்தான் இனி தினமும் மாலை அவர் மகளோடு இவன் வீடியோ காலில் பேசுவான் என்று கணவர் சொன்னதும் கொஞ்சம் சமாதானமானார்.

இன்னும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. விடுமுறையில் அந்தப் பெண் குழந்தை எங்கள் வீட்டில் வந்து தங்குவாள். அவள் கையில் டேப்லெட் எப்போதும் இருக்கும். அப்போது என்ன செய்வது?

செவ்வந்தி

அவளிடமிருந்து பிடுங்காதீர்கள், அது அவள் வீட்டு வழக்கம். அவள் அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே பேசி, இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கும் நேரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வேண்டாம், காலையில் தொடங்கினால் நாள் முழுக்கக் கேட்பார்கள். நன்றாக விளையாடிக் களைத்த பிறகு, மாலையில். உங்கள் மகனும் கூடப் பார்க்கட்டும். அந்த நாலைந்து நாளில் எதுவும் கெட்டுவிடாது. அவள் ஊருக்குப் போன பிறகு இரண்டு நாள் கேட்டு அழுவான், மூன்றாம் நாள் மறந்துவிடுவான்.

தென்றல்_பேச்சுப்பயிற்சி

செவ்வந்தி சொன்னதே என் பதிலும். கூடவே, இரண்டு பேரும் பார்க்கும்போது நீங்களோ அத்தையோ நடுவில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பெண்ணுக்கு மூன்று வயதுதானே, அவளையே கதை சொல்லச் சொல்லுங்கள். "இவன் யாரு? ஏன் அழறான்?" என்று தம்பிக்கு அவள் விளக்கட்டும்.

நிலாமகள்

அவளுக்கு அப்படி விளக்குவது ரொம்பப் பிடிக்கும். மைத்துனர் மனைவியிடம் இன்றே பேசிவிடுகிறேன்.